இஸ்ஸா, ஆரா? ஆங்கிலத்தில் நீண்ட எழுவாய்க்கு வினையைப் பொருத்தும் முறை

பெங்களூரு அலுவலகங்களில் தினமும் போகிற ஸ்டேட்டஸ் மெயில்களில் இப்படி ஒரு வரி இருக்கும்: "தி லிஸ்ட் ஆஃப் ஓப்பன் டிக்கெட்ஸ் ஃப்ரம் தி லாஸ்ட் த்ரீ ஸ்பிரின்ட்ஸ் ஆர் அட்டாச்ட்." எழுதியவருக்கு இலக்கணம் தெரியாது என்று சொல்ல முடியாது. "தி லிஸ்ட் ஆர் அட்டாச்ட்" என்று அவரே ஒருநாளும் எழுத மாட்டார். லிஸ்ட்டுக்கும் வினைக்கும் நடுவே டிக்கெட்ஸ், ஸ்பிரின்ட்ஸ் என்று இரண்டு பன்மைகள் புகுந்ததும் கை தானாக 'ஆர்' போட்டுவிட்டது. அங்கே வர வேண்டியது 'இஸ்'.

விதி ஒன்றுதான்: எழுவாய் ஒருமை என்றால் வினை ஒருமை, பன்மை என்றால் பன்மை. இது ஐந்தாம் வகுப்பிலேயே படித்தது. நீண்ட எழுவாயில் எந்தச் சொல் உண்மையான எழுவாய் என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாக் கஷ்டமும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. முதலாவது, சொல் வரிசை. "போன மூன்று ஸ்பிரின்ட்டில் முடியாமல் இருக்கிற டிக்கெட்டுகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். விளக்கமெல்லாம் முன்னால் வந்து, தலைச்சொல்லான, அதாவது உண்மையான எழுவாயான 'பட்டியல்' வினையை ஒட்டிக் கடைசியில் நிற்கிறது. அதனால் வினைக்குப் பக்கத்தில் இருக்கிற பெயரைப் பார்த்து முடிவு செய்வது தமிழில் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆங்கிலம் இதைத் தலைகீழாக வைக்கிறது. தலைச்சொல் முதலில், விளக்கம் அதற்குப் பின்னால், வினை எல்லாவற்றுக்கும் அப்புறம். ஆகவே வினையை ஒட்டி நிற்பது அநேகமாக விளக்கத்தின் வால்.

இரண்டாவது இடைஞ்சல் பேச்சுத் தமிழில் இருக்கிறது. 'பஸ் வந்துச்சு' என்போம், 'நாலு பஸ் வந்துச்சு' என்றும் சொல்வோம். 'வந்தன' எழுத்தில் மட்டும். மனிதர்களுக்கு 'வந்தான், வந்தாங்க' என்று மாற்றுகிற நாக்கு, பொருள்களுக்கு மாற்றிப் பழகவில்லை. அலுவலக ஆங்கிலத்தின் எழுவாய்களோ பெரும்பாலும் பொருள்கள்தான்: பில், டிக்கெட், சர்வர், ரிப்போர்ட். கன்னடம், தெலுங்கு இரண்டிலும் வினை கடைசியில்தான், விளக்கமும் தலைச்சொல்லுக்கு முன்னால்தான். எனவே பக்கத்து சீட்காரரிடம் காட்டிச் சரிபார்த்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அவருக்கும் அதே இடத்தில்தான் கண் வழுக்கும்.

இங்கிலீஷ்காரர்களே இதில் தடுக்கி விழுவார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல். 1991இல் காத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியானவர்களிடம் பாதி வாக்கியத்தைக் கொடுத்து மீதியை முடிக்கச் சொன்னார்கள். தலைச்சொல் ஒருமையாகவும் பக்கத்துச் சொல் பன்மையாகவும் இருந்தபோது தவறுகள் வந்தன. மாற்றி வைத்தபோது, அதாவது தலை பன்மை, பக்கத்துச் சொல் ஒருமை என்றபோது, தவறு மிகக் குறைவு. இதிலிருந்து நமக்கு ஒரு நடைமுறைப் பயன் கிடைக்கிறது. சரிபார்க்க நேரம் குறைவு என்றால், ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடிகிற எழுவாய்களை முதலில் பாருங்கள்.

எப்படிப் பிரிப்பது

முதலில் வினைக்குப் போங்கள். அது எண்ணை, அதாவது ஒருமையா பன்மையா என்பதைக் காட்டுகிற வினையா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் பாதி வினைகளுக்கு இந்தக் கவலையே இல்லை. வில், கேன், மே, மஸ்ட், ஷுட், வுட் எதுவும் மாறாது. கேம், வென்ட், சென்ட் போன்ற இறந்தகால வினைகளும் மாறாது. மாறுகிறவை இவ்வளவே: இஸ்-ஆர், வாஸ்-வேர், ஹேஸ்-ஹேவ், டஸ்-டூ, பிறகு சாதாரண நிகழ்கால வினையில் கடைசியில் ஒட்டும் எஸ். இவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் அடுத்த வேலை.

இரண்டாவதாக, வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி முதல் பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள். அங்கிருந்து வலப்பக்கம் நகர்ந்து, முதல் பிரிப்பொசிஷன் வந்ததும் நில்லுங்கள். ஆஃப், இன், ஆன், அட், ஃபார், ஃப்ரம், வித், டு, பை, பிட்வீன், அமங், இன்க்ளூடிங் எல்லாம் இந்த வகை. அந்தச் சொல்லிலிருந்து வினைவரை உள்ளது அத்தனையும் விளக்கம். பென்சிலால் மெல்லக் கோடு போட்டுவிடலாம், திரையில் என்றால் விரலால் மறைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, மிச்சம் இருக்கிற குட்டி வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். "தி லிஸ்ட்... இஸ் அட்டாச்ட்." காதே சொல்லிவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் முழு எழுவாயையும் எடுத்துவிட்டு 'இட்' அல்லது 'தே' போட்டுப் பாருங்கள். 'இட்' பொருந்தினால் ஒருமை.

சற்று முரட்டு வாக்கியம் ஒன்றில் இதைச் செய்து பார்க்கலாம். அபார்ட்மென்ட் சங்கத்தின் சர்க்குலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"தி டிலே இன் ரிப்பேரிங் தி டூ லிஃப்ட்ஸ் இன் பி பிளாக், விச் ___ சர்வீஸ்ட் இன் ஜூன், ___ அஃபெக்டெட் மெனி ரெசிடென்ட்ஸ்."

இரண்டு கோடிட்ட இடங்கள், இரண்டு வினைகள், இரண்டு வெவ்வேறு எழுவாய்கள். 'விச்' என்று தொடங்கும் துண்டை முதலில் தனியாக எடுங்கள். ஜூனில் சர்வீஸ் செய்யப்பட்டது எது? லிஃப்ட்ஸ். பன்மை. எனவே 'வேர்'. இப்போது கமாவிலிருந்து கமா வரை அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள். மிஞ்சுவது "தி டிலே இன் ரிப்பேரிங் தி டூ லிஃப்ட்ஸ் இன் பி பிளாக் ___ அஃபெக்டெட்." 'இன்' வந்த இடத்தில் நிறுத்தினால் "தி டிலே ___ அஃபெக்டெட்." எனவே 'ஹேஸ்'. ஹூ, விச், தட் மூன்றுக்கும் இதே வழிதான். அந்தத் துண்டுக்குள் இருக்கும் வினை தனக்கு முன்னால் நிற்கும் பெயரைப் பார்க்கும், வெளியே இருக்கும் வினை தொடக்கத்தில் உள்ள தலைச்சொல்லைப் பார்க்கும். இரண்டையும் ஒரே மூச்சில் தீர்க்கப் போனால் இரண்டும் குழம்பும்.

கமாவே போடாமல் நீளும் வாக்கியங்களும் உண்டு. "தி ஸ்டாச்சூ ஆஃப் திருவள்ளுவர் நியர் அல்சூர் லேக் தட் ரிமெய்ன்ட் கவர்ட் ஃபார் எய்ட்டீன் இயர்ஸ் வாஸ் அன்வெய்ல்ட் இன் 2009." வினைக்கு ஒட்டி 'இயர்ஸ்' நிற்கிறது. திறக்கப்பட்டது சிலை, ஆண்டுகள் அல்ல.

எஸ் பற்றி ஒரு குறிப்பு. பெயரில் எஸ் வந்தால் பன்மை, வினையில் எஸ் வந்தால் ஒருமை. எனவே தலைச்சொல், வினை இரண்டில் ஏதாவது ஒன்றில் மட்டும்தான் எஸ் இருக்கும்: "தி டிலே அஃபெக்ட்ஸ்", "தி டிலேஸ் அஃபெக்ட்". வேகமாகப் பார்க்க இது நல்ல அடையாளம். ஆனால் ப்ராசஸ், பஸ், கிளாஸ், நியூஸ் போன்ற சொற்கள் ஒருமையிலேயே எஸ்ஸில் முடியும். சில்ட்ரன், பீப்பிள், போலீஸ் எஸ் இல்லாமலே பன்மை. இவை வந்தால் இந்தக் குறுக்குவழியை விட்டுவிடுங்கள்.

அண்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

'அண்ட்' வந்தால் பன்மை என்பது பாதி உண்மை. "தி பர்ப்பிள் லைன் அண்ட் தி கிரீன் லைன் மீட் அட் மெஜஸ்டிக்." இங்கே இரண்டு மெட்ரோ வழித்தடங்களும் எழுவாய்கள், எனவே எஸ் இல்லாத 'மீட்'. "தி டிஸ்டன்ஸ் பிட்வீன் மெஜஸ்டிக் அண்ட் வைட்ஃபீல்ட் இஸ்..." என்று எழுதும்போது அந்த 'அண்ட்' பிட்வீனுக்குப் பின்னால், விளக்கத்துக்குள் அகப்பட்டிருக்கிறது. தூரம் ஒன்றுதான். பிரிப்பொசிஷனுக்குப் பின்னால் எத்தனை 'அண்ட்' வந்தாலும் அவை கணக்கில் சேராது.

அலாங் வித், டுகெதர் வித், ஆஸ் வெல் ஆஸ், இன் அடிஷன் டு ஆகிய நான்கும் 'அண்ட்' மாதிரி தோற்றம் காட்டி ஏமாற்றும். "தி ப்ராஜெக்ட் மேனேஜர், அலாங் வித் டூ டெஸ்டர்ஸ், இஸ் ட்ராவலிங் டு புனே." ஆள் மூன்று பேர், வினை ஒருமை. இதில் மட்டும் நம் தமிழ்க் காது நமக்கு உதவும். 'அண்ணனும் தம்பியும் வந்தார்கள்' என்போம், 'அண்ணன் தம்பியோடு வந்தான்' என்போம். 'உம்' பன்மை ஆக்கும், 'ஓடு' ஆக்காது. அலாங் வித் என்பது 'ஓடு' வகை. ஒருமை வினை கண்ணுக்கு உறுத்தலாக இருந்தால் 'அண்ட்' போட்டு 'ஆர்' என்று எழுதிவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

இன்னொரு நுணுக்கம்: "தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர் ஹேஸ் சைன்ட்" என்றால் இரண்டு பொறுப்பும் ஒருவரிடமே. "தி செக்ரட்டரி அண்ட் தி ட்ரெஷரர் ஹேவ் சைன்ட்" என்றால் இரண்டு பேர். ஒரு 'தி' தான் வித்தியாசம். பேங்க் கணக்குக்கான தீர்மானத்தில் இதைத் தவறவிட்டால் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதே மாறிப்போகும்.

எவ்ரி, ஈச் இரண்டும் முன்னால் நின்றால் 'அண்ட்'டையும் செல்லாததாக்கிவிடும்: "எவ்ரி ஃபிளாட் அண்ட் எவ்ரி ஷாப் ஹேஸ் எ மீட்டர்." "ஈச் ஆஃப் தி மீட்டர்ஸ் ஹேஸ் எ சீல்." ஆனால் பன்மை எழுவாய்க்குப் பின்னால் 'ஈச்' வந்தால் வினையை அது தொடாது: "தி ஓனர்ஸ் ஈச் ஹேவ் எ கீ."

ஒன் ஆஃப்

அதிகம் புழங்குவதும் அதிகம் சறுக்குவதும் இது. இதில் இரண்டு தனித்தனித் தவறுகள் இருக்கின்றன. ஒன்று, 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று பெயரை ஒருமையில் விடுவது. பலரில் ஒருவர் என்பதால் 'ஃப்ரெண்ட்ஸ்' வந்தே ஆக வேண்டும். இரண்டு, அந்தப் பன்மையைப் பார்த்து வினையையும் பன்மையாக்குவது. "ஒன் ஆஃப் தி சர்வர்ஸ் இன் தி மும்பை டேட்டா சென்டர் இஸ் டவுன்." பெயர் பன்மை, வினை ஒருமை, இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். முதல் தவறைத் திருத்தப் பழகியவர்கள் உடனே இரண்டாவது தவறைச் செய்வது வழக்கம். எஸ் சேர்த்த கை வினையையும் மாற்றிவிடுகிறது.

இதற்குள்ளேயே ஒரு சிக்கலான முடிச்சு உண்டு. "ஷீ இஸ் ஒன் ஆஃப் தி டெவலப்பர்ஸ் ஹூ வொர்க் ஆன் வீக்கெண்ட்ஸ்." இங்கே 'ஹூ' எந்தச் சொல்லைப் பிடித்திருக்கிறது? வார இறுதியில் வேலை செய்கிற டெவலப்பர்கள் என்று ஒரு கூட்டம், அதில் இவர் ஒருவர். எனவே 'வொர்க்', எஸ் கிடையாது. "ஷீ இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் தி டெவலப்பர்ஸ் ஹூ வொர்க்ஸ் ஆன் வீக்கெண்ட்ஸ்" என்றால் வேலை செய்வது அவர் ஒருவர் மட்டும், எனவே 'வொர்க்ஸ்'. 'ஒன்லி' வந்தால் ஒருமை, இல்லையென்றால் பன்மை என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வாக்கியத்திலும் 'வொர்க்ஸ்' என்று எழுதுகிற ஆங்கிலேயர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். மெயிலில் அதற்காக யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். போட்டித் தேர்வு எழுதுகிறவர் பன்மையைத்தான் குறிக்க வேண்டும்.

ஆஃபுக்குப் பின்னால் பார்க்க வேண்டிய இடங்கள்

இவ்வளவு நேரம் ஆஃப் வந்தால் நிறுத்துங்கள் என்று சொன்னதற்கு விலக்கு இங்கே. ஆல், சம், மோஸ்ட், ஹாஃப், எ லாட் ஆஃப், பின்னங்கள், பர்சென்ட் ஆகியவற்றுக்குச் சொந்தமாக எண் இல்லை. எதன் பாதி, எதன் பெரும்பகுதி என்பதைப் பொறுத்து வினை மாறும். "மோஸ்ட் ஆஃப் தி டேங்கர்ஸ் ஆர் லேட்", ஆனால் "மோஸ்ட் ஆஃப் தி வாட்டர் ஃப்ரம் தி டேங்கர்ஸ் இஸ் ஹார்ட்." இரண்டாவதில் டேங்கர்ஸ் வினைக்குப் பக்கத்தில் நின்றும் பயனில்லை. மோஸ்ட்டுக்கு அடுத்த ஆஃப் பிடித்திருக்கிற சொல் வாட்டர். முதல் ஆஃபைத் தாண்டி ஒரு பெயர் மட்டும் போங்கள், அங்கே நின்றுவிடுங்கள். அப்படியே "தர்ட்டி பர்சென்ட் ஆஃப் தி பட்ஜெட் இஸ்", "தர்ட்டி பர்சென்ட் ஆஃப் தி ஃபிளாட்ஸ் ஆர்."

நம்பர் என்ற சொல்லில் முன்னால் உள்ள குட்டிச் சொல் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 'எ நம்பர் ஆஃப்' என்றால் 'பல' என்று பொருள், பன்மை: "எ நம்பர் ஆஃப் டேங்கர்ஸ் ஆர் வெயிட்டிங் அட் தி கேட்." 'தி நம்பர் ஆஃப்' என்றால் எண்ணிக்கை, அது ஒன்று: "தி நம்பர் ஆஃப் டேங்கர்ஸ் ஹேஸ் டபுள்ட்." தேர்வுத்தாள் போடுகிறவர்களுக்கு இது மிகப் பிடித்த கேள்வி.

லிஸ்ட், செட், சீரீஸ், பேட்ச், பண்டில், பேர் ஆகியவை விலக்கில் சேராது, அவை உண்மையான தலைச்சொற்கள். "எ சீரீஸ் ஆஃப் அவுட்டேஜஸ் ஹேஸ் டிலேட் தி ரிலீஸ்." 'நன் ஆஃப்' ஒருமை, பன்மை இரண்டையும் ஏற்கும். தேர்ந்ததைக் கட்டுரை முழுவதும் மாற்றாமல் வையுங்கள்.

பக்கத்துச் சொல் ஜெயிக்கிற ஒரே இடம்

ஐதர்-ஆர், நீதர்-நார், நாட் ஒன்லி-பட் ஆல்சோ மூன்றில் மட்டும் வினைக்கு அருகில் உள்ள எழுவாய் தீர்மானிக்கும். "நீதர் தி செக்ரட்டரி நார் தி மெம்பர்ஸ் ஹேவ் ரிப்ளைட்." திருப்பிப் போட்டால் "நீதர் தி மெம்பர்ஸ் நார் தி செக்ரட்டரி ஹேஸ் ரிப்ளைட்." இரண்டும் சரி. இரண்டாவது கேட்க நெருடும் என்பதால் பன்மையைக் கடைசியில் வைப்பதே நல்லது.

எழுவாய் வினைக்குப் பின்னால் வந்தால்

"அட்டாச்ட் இஸ் தி லிஸ்ட் ஆஃப் டிஃபால்ட்டர்ஸ்." "அட்டாச்ட் ஆர் தி மினிட்ஸ் ஆஃப் லாஸ்ட் சண்டேஸ் மீட்டிங்." கூட்டக் குறிப்பு என்ற பொருளில் மினிட்ஸ் எப்போதும் பன்மை. 'அட்டாச்ட் இஸ்' என்று பழக்கத்தில் தட்டிவிட்டுப் பிறகு எழுவாயை எழுதுவதால்தான் இங்கே பிசகுகிறது. மனசுக்குள் திருப்பிப் பாருங்கள்: 'தி மினிட்ஸ் ஆர் அட்டாச்ட்'. தேர் இஸ், தேர் ஆர், ஹியர் இஸ், ஹியர் ஆர் எல்லாவற்றிலும் வலப்பக்கம் வரும் முதல் பெயர்தான் தலை: "தேர் ஆர் த்ரீ பில்ஸ் பென்டிங்", "தேர் இஸ் எ செட் ஆஃப் கீஸ் வித் தி செக்யூரிட்டி."

ஐஎன்ஜியில் தொடங்கும் செயல் எழுவாயானால் அது ஒருமை, உள்ளே எத்தனை பன்மை இருந்தாலும்: "கலெக்டிங் மெயின்டெனன்ஸ் ஃப்ரம் எய்ட்டி ஃபிளாட்ஸ் டேக்ஸ் எ வீக்." பணம், தூரம், கால அளவு மொத்தமாகப் பேசப்படும்போதும் ஒருமை: "ஃபிஃப்டி தௌசண்ட் ருப்பீஸ் இஸ் தி டெபாசிட்." ஆண்டுகள் ஒவ்வொன்றாகக் கழிவதைச் சொன்னால் மட்டும் "டூ இயர்ஸ் ஹேவ் பாஸ்ட்."

டீம், கமிட்டி, ஸ்டாஃப் ஆகியவற்றைப் பிரிட்டிஷார் பன்மையாகவும் எழுதுவார்கள், அமெரிக்கர்கள் ஒருமையை விரும்புவார்கள். க்ளையன்ட் எந்த நாடோ அந்த வழக்கம். ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஃபீட்பேக், இன்ஃபர்மேஷன் ஐந்துக்கும் எஸ் சேர்ப்பதே தவறு, எனவே எப்போதும் 'இஸ்'.

மெயிலை முடித்த பிறகு

தேடல் பெட்டியில் 'ஆர்', 'வேர்', 'ஹேவ்' மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பன்மை வினைகளை மட்டும் தேடுவதற்குக் காரணம் மேலே சொன்ன ஆய்வுதான். நாம் தவறுகிற திசை பெரும்பாலும் ஒருமையை விட்டுப் பன்மைக்குப் போவது. ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் திரும்பித் தலைச்சொல்லைத் தொட்டுவிட்டு வாருங்கள். எழுத்துப் பிழை காட்டும் மென்பொருள் அடிக்கோடு போட்டால் நின்று கவனியுங்கள். அடிக்கோடு இல்லை என்பதால் வாக்கியம் சரி என்று ஆகிவிடாது, அதிலும் 'ஹூ', 'விச்' துண்டு இருக்கும் வாக்கியத்தில்.

தலைச்சொல்லுக்கும் வினைக்கும் இடையே பத்துச் சொல்லுக்கு மேல் இருந்தால் சரிபார்ப்பதைவிட உடைத்து எழுதுவது மேல். படிக்கிறவரும் வினை வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மேலே பார்த்த லிஃப்ட் வாக்கியத்தை இப்படி இரண்டாக்கலாம்: "தி டூ லிஃப்ட்ஸ் இன் பி பிளாக் வேர் சர்வீஸ்ட் இன் ஜூன். தி டிலே இன் ரிப்பேரிங் தெம் ஹேஸ் அஃபெக்டெட் மெனி ரெசிடென்ட்ஸ்." அல்லது வினையை முன்னால் இழுக்கலாம். "தி லிஸ்ட் ஆஃப் ஓப்பன் டிக்கெட்ஸ் ஃப்ரம் தி லாஸ்ட் த்ரீ ஸ்பிரின்ட்ஸ் இஸ் அட்டாச்ட்" என்பதற்குப் பதில் "ஐ ஹேவ் அட்டாச்ட் தி லிஸ்ட் ஆஃப் ஓப்பன் டிக்கெட்ஸ்" என்று எழுதினால் எழுவாய் 'ஐ' ஆகிவிடும். அதற்குப் பின்னால் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் வினைக்கு ஒன்றும் ஆகாது.